இரவல் குரலும் சொந்தக் குரலும்: அ. மங்கையின் அரங்க வாழ்க்கை

வடபழனியில் குடியிருப்பவர்களுக்குக் குரல் என்பது ஒரு தொழில் என்று தெரியும். ஆற்காடு சாலையின் இருபுறத் தெருக்களிலும் டப்பிங் தியேட்டர்களும் ரெக்கார்டிங் ஸ்டுடியோக்களும் உண்டு. வெளியூரிலிருந்து வந்து நடித்துவிட்டுப் போன நாயகிக்காக, இங்கே ஒரு பெண் மைக்கின் முன்னால் நின்று அழுவார், சிரிப்பார், மூச்சு வாங்குவார், முனகுவார். திரையில் தெரிவது ஒருவரின் முகம். காதில் விழுவது இன்னொருவரின் குரல். படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது கூட்டம் எழுந்து வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும்.

ஏவி.எம்., விஜயா-வாஹினி ஸ்டுடியோக்களின் காலத்திலிருந்தே இந்த வட்டாரம் பல மொழிகளின் பட்டறை. 1955இல் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா', தமிழில் 'மிஸ்ஸியம்மா' என்று ஒரே கதை இரண்டு மொழியில் வந்தது. சாவித்திரி இரண்டிலும் நடித்தார். இரண்டு மூன்று மொழிகளில் வசனம் பேசத் தெரிந்த பெண்கள் இந்தத் தெருக்களில் எத்தனையோ பேர் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பேசிய வசனத்தை எழுதியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர்களும் ஆண்கள்.

ஒரு பெண் தன் உடலோடு மேடையில் நின்று, தான் தேர்ந்தெடுத்த சொற்களைத் தன் குரலில் பேசுவதற்குத் தமிழ்நாட்டில் என்னென்ன நடக்க வேண்டியிருந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரை கேட்கிறது. இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நாற்பதாண்டுகளுக்கு அருகில் இயங்கிவரும் ஒருவர் அ. மங்கை. நடிகர், இயக்குநர், நாடகப் பிரதிகளை ஆக்குபவர், மொழிபெயர்ப்பாளர், ஆய்வாளர். கல்லூரிப் பதிவேட்டில் அவர் வ. பத்மா. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தமிழ் அரங்கிலும் தமிழ் எழுத்திலும் மங்கை. வகுப்பறையில் ஆங்கிலம், மேடையில் தமிழ் என்று இரண்டு பெயரிலும் இரண்டு மொழியிலும் நடந்த வாழ்க்கை அது. இந்த வாழ்க்கையைத் தனியொருவரின் சாதனைப் பட்டியலாக எழுதுவது எளிது. அப்படி எழுதினால் அவர் செய்ததன் பொருள் நமக்குத் தெரியாமலே போய்விடும். அவருக்கு முன்னால் மேடை எப்படி இருந்தது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

பெண் இல்லாத பெண் வேடம்

சென்னையில் மொழிபெயர்ப்பு நாடகத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபாவைத் தொடங்கினார். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' அவர் கையில் 'அமலாதித்யன்' ஆயிற்று. 'வெனிஸ் வணிகன்' 'வாணீபுர வணிகன்' ஆயிற்று. படித்தவர்களும் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறியதால் நாடகத்துக்குக் கௌரவம் வந்தது என்று வரலாற்று நூல்கள் சொல்லும். உண்மைதான். ஆனால் அந்தக் கௌரவத்தின் நிபந்தனை ஒன்று உண்டு: மேடையில் பெண்கள் இல்லை. சம்பந்த முதலியாரின் கதாநாயகியாகப் பல ஆண்டுகள் நடித்தவர் ரங்கவடிவேலு. டென்மார்க்கின் இளவரசன் தமிழ் பேசலாம், அவனுடைய காதலியாக ஒரு தமிழ்ப் பெண் நிற்கக் கூடாது என்பது அந்தக் காலத்தின் ஏற்பாடு.

சங்கரதாஸ் சுவாமிகளின் மரபில் வளர்ந்த பாய்ஸ் கம்பெனிகளிலும் இதே கதைதான். வள்ளியும் பவளக்கொடியும் நல்லதங்காளும் சிறுவர்களின் உடலில்தான் மேடையேறினார்கள்.

பெண்கள் அறவே இல்லாமலும் போய்விடவில்லை. கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே ஒரு நாடகக் கம்பெனியை நடத்தினார். அவருடைய நாடகத்தைப் பார்க்க வருபவர்களுக்காகச் சிறப்பு ரயில்கள் விடப்பட்டன என்று இன்றும் சொல்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்பவர்கள், அவர் ஒரு நிறுவனத்தையே கட்டி நடத்தியவர் என்பதை அந்த அளவுக்கு விரிவாகச் சொல்வதில்லை. அவருடைய கடைசிக் காலம் மதுரையில் வறுமையில் கழிந்தது என்பார்கள். தேவதாசி முறைக்கு எதிரான சட்டம் 1947இல் வந்தது. அது தேவையான சட்டம். ஆனால் ஆடலும் பாடலும் நடிப்பும் தெரிந்த ஒரு பெண் கூட்டத்தின் கலை யார் கைக்குப் போனது என்பது வேறு கேள்வி. ஸ்பெஷல் நாடகங்களில் இரவெல்லாம் நடித்துவிட்டு விடியற்காலையில் பஸ் ஏறும் பெண்களை ஊர் எந்தச் சொல்லால் அழைத்தது என்று நமக்குத் தெரியும். நாடகக்காரி என்பதே வசைச்சொல்லாக இருந்தது. நடித்துப் பிழைத்த பெண்ணுக்கு ஒரு பெயர், பெண்ணாக நடித்த ஆணுக்கு வேறு பெயர்.

மங்கைக்கு முன்னாலிருந்த மேடை இதுதான். படித்த நடுத்தர வர்க்கத்துப் பெண்ணுக்கு அது மூடிய கதவு. தொழிலாக நடித்த பெண்ணுக்கோ அவமானம்.

தெருவுக்கு வந்தது

1970களின் பிற்பகுதியில் தமிழ் நவீன நாடகம் வேகம் பிடித்தது. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த நாடகப் பயிற்சிப் பட்டறை ஒரு தலைமுறையையே உருவாக்கியது. அதே ஆண்டில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். ஞாநியின் பரீக்ஷா அதற்கடுத்து வந்தது. 1984இல் பிரளயன் சென்னைக் கலைக்குழுவைத் தொடங்கினார். வடக்கே வேறொரு அலை எழுந்திருந்தது. மதுரா என்ற பழங்குடிப் பெண்ணைக் காவல் நிலையத்தில் வன்முறைக்கு ஆளாக்கிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எதிர்த்து, 1979இல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். அதே காலத்தில் டெல்லியில் ஜன நாட்டிய மஞ்ச் 'ஔரத்' நாடகத்தைத் தெருவில் போட்டது. வரதட்சிணைச் சாவுகளைப் பற்றி 'ஓம் ஸ்வாஹா' வந்தது. இந்தியப் பெண்கள் இயக்கமும் தெரு நாடகமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே தெருவில் நின்றன.

சென்னையில் மங்கை இந்தச் சூழலில்தான் நடிகராக உருவானார். சென்னைக் கலைக்குழுவின் நாடகங்களில் நடித்தார், இயங்கினார். தெரு நாடகத்தில் நடிக்கும் பெண்ணின் அனுபவம் அரங்க மேடை தரும் அனுபவத்திலிருந்து மாறுபட்டது. திரை கிடையாது, மேக்கப் அறை கிடையாது, இருட்டில் உட்கார்ந்திருக்கும் பார்வையாளர் கிடையாது. பேருந்து நிலையத்திலோ ஆலை வாசலிலோ, வட்டமாகக் கூடியிருக்கும் ஆண் கூட்டத்தின் நடுவில், பட்டப் பகலில் நிற்க வேண்டும். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே உரக்கப் பேச வேண்டும். பொது இடத்தில் அடக்கமாக நடக்கப் பழக்கப்பட்ட உடல் அங்கே தன்னைப் புதிதாகப் பழக்கிக்கொள்கிறது. ஒத்திகை முடிந்து இரவு வீடு திரும்பும்போது வாசலில் காத்திருக்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

1989 ஜனவரி 1 அன்று டெல்லிக்கு அருகில் ஜண்டாபூரில் 'ஹல்லா போல்' நாடகம் நடந்துகொண்டிருந்தபோது சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டார். மறுநாள் இறந்தார். ஜனவரி 4 அன்று அவருடைய துணைவி மொலோயஸ்ரீ அதே இடத்துக்குத் திரும்பிப் போய், நின்றுபோன அந்த நாடகத்தை நடித்து முடித்தார். இந்தியத் தெரு நாடகக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி இது. பெண்ணிய வாசிப்பில் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்கலாம். கணவரை இழந்த ஒரு பெண் இரண்டே நாளில் பொதுவெளியில் நின்று வசனம் பேசுகிறார். விதவைக்கு நம் சமூகம் எழுதிவைத்த அத்தனை மேடைக் குறிப்புகளையும் அந்த ஒரு நிகழ்ச்சி மீறியது. சஃப்தரைப் பற்றி சுதன்வா தேஷ்பாண்டே எழுதிய 'ஹல்லா போல்' நூலைப் பல ஆண்டுகள் கழித்துத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் மங்கை. தெருவில் நடித்த ஒருவர் அந்த நூலை மொழிபெயர்க்கும்போது, கூட்டம், வட்டம், மெகாஃபோன், அடி, ஓட்டம் ஆகியவற்றுக்கான சொற்களை அகராதியில் தேட வேண்டியதில்லை. அவை உடம்பிலேயே இருக்கும்.

சடங்கிலிருந்து நாடகம்

1990களின் தொடக்கத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் மீனா சுவாமிநாதனின் முன்முயற்சியில் 'வாய்ஸிங் சைலன்ஸ்' என்ற பெண்ணிய அரங்கத் திட்டம் தொடங்கியது. மௌனத்துக்குக் குரல் தருவது என்று பொருள்படும் பெயர். அதன் நாடகங்களை இயக்கியவர் மங்கை.

அவற்றில் முதன்மையானது 'பச்சமண்ணு'. பெண் சிசுக்கொலையைப் பற்றியது. அது வந்த நேரத்தை நினைவுபடுத்திக்கொள்வோம். 1986இல் இந்தியா டுடே இதழ் உசிலம்பட்டிப் பகுதியில் நடந்த பெண் சிசுக்கொலைகளை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. பத்திரிகையும் அரசும் பேசின, காவல்துறையும் தாய்மார்களைக் கைதுசெய்தது. கள்ளிப்பால், நெல்மணி என்று கொலைக் கருவிகளின் விவரங்கள் நகரத்து வாசகருக்குத் திகிலூட்டின. இவ்வளவு பேச்சுக்கும் நடுவில், அந்தப் பெண்கள் பேசவில்லை. அவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

நகரத்திலிருந்து கிளம்பிப் போய், "குழந்தையைக் கொல்லாதே" என்று கிராமத்துத் தாய்க்கு உபதேசம் செய்யும் நாடகம் ஒன்றை எளிதாகப் போட்டிருக்கலாம். அரசு விளம்பரங்கள் அதைத்தான் செய்தன. 'பச்சமண்ணு' பெண்ணின் வாழ்க்கைச் சடங்குகளைத் தன் வடிவமாக எடுத்துக்கொண்டது. பூப்பு நீராட்டு, கல்யாணம், வளைகாப்பு, பிள்ளைப்பேறு. எல்லாம் அந்தப் பெண்களுக்குத் தெரிந்தவை. பாட்டுகளும் அவர்களுடையவை. இந்தச் சடங்குகளை ஒன்றன்பின் ஒன்றாக மேடையில் வைத்துப் பார்க்கும்போது ஒரு கணக்கு வெளியே வருகிறது. ஒவ்வொரு சடங்கிலும் பெண் கொண்டாடப்படுகிறாள். ஒவ்வொன்றிலும் அவளைப் பெற்ற வீடு செலவு செய்கிறது. சீர், சீதனம், தாய்மாமன் வரிசை என்று கூடிக்கொண்டே போகிறது. பிறந்த நிமிடத்திலேயே அந்தக் கடன் முழுவதும் தொட்டிலின் மேல் ஏறிவிடுகிறது. கொல்வது தாயின் கையாக இருக்கலாம், கணக்குப் போட்டது யாரென்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதை நான் ஒரு மொழிபெயர்ப்பு வேலை என்றே நினைக்கிறேன். பெண்கள் தங்களுக்குள் பேசும் மொழியிலிருந்து ஊர்ப்பொது மொழிக்கு ஒரு விஷயம் கொண்டுவரப்படுகிறது. இந்த அனுபவத்தை மங்கை 1998இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' இதழில் ஆங்கிலத்தில் எழுதினார். கிராமத்துக் களத்தில் தமிழில் நடந்தது, கொள்கை வகுப்பவர்களும் ஆய்வாளர்களும் படிக்கும் ஆங்கில இதழுக்கும் போயிற்று.

இத்தகைய அரங்கைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு. ஒரு நிறுவனத்தின் திட்டமாக நடக்கும் நாடகம் எவ்வளவு தூரம் போக முடியும்? நிதி நின்றால் நாடகமும் நிற்குமா? சென்னையிலிருந்து போகும் ஆங்கிலப் பேராசிரியருக்கும் களத்தில் உட்கார்ந்திருக்கும் கூலிக்காரப் பெண்ணுக்கும் நடுவில் இருக்கும் சாதியும் வர்க்கமும் ஒரு குலவையில் கரைந்துவிடுமா? கரையாது. 'குலவை' என்ற பெயரிலேயே பெண்கள் அரங்க விழா ஒன்றை இவர்கள் நடத்தினார்கள். குலவை தனியாக இடும்போது எடுப்பதில்லை, பல வாய்கள் சேரும்போதுதான் ஊருக்குக் கேட்கிறது. ஆனால் சேர்ந்து குலவையிடும் பெண்கள் அதன்பின் வெவ்வேறு தெருக்களுக்குத்தான் திரும்பிப் போகிறார்கள். அதையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் இந்த முயற்சிகளை மதிப்பிட வேண்டும்.

ஔவைக்கு வயது என்ன?

ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி கதீட்ரல் சாலையில் இருக்கிறது. வடபழனியிலிருந்து கோடம்பாக்கம் பாலம் ஏறி இறங்கி, நுங்கம்பாக்கம் வழியாக ஜெமினி மேம்பாலத்துக்கு வந்தால் அதற்குப் பக்கத்தில்தான் அந்தக் கல்லூரி. மேம்பாலத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்த ஜெமினி ஸ்டுடியோவின் தயாரிப்புதான் 1953இல் வந்த 'ஔவையார்'. கே.பி. சுந்தராம்பாள் நடித்தார். நரைத்த தலை, நெற்றியில் திருநீறு, கையில் கோல். நம் ஊர்க் குழந்தைகளின் மனத்தில் ஔவை இன்றைக்கும் இப்படித்தான் இருக்கிறார்.

அதற்கு முன்பே மேடையில் டி.கே. சண்முகம் ஔவையாராக நடித்துப் பெரும்புகழ் பெற்று, 'ஔவை' சண்முகம் ஆனார். கிழவி வேடத்துக்கும் ஆண்தான். சுந்தராம்பாளின் கதையோ வேறு வகை. நாடக மேடையில் ராஜபார்ட்டுக்குச் சமமாகப் பாடி நின்றவர், எஸ்.ஜி. கிட்டப்பாவின் மறைவுக்குப் பின் வெள்ளைப் புடவைக்கு மாறியவர். ஆசையைக் கடந்த பக்தைக் கிழவி வேடத்தில்தான் தமிழ்ச் சினிமா அந்த மகத்தான குரலுக்கு இடம் கொடுத்தது. 1996இல் 'ஔவை சண்முகி' வந்தது. பெண் வேடமிட்ட ஆணின் நகைச்சுவை. ஆக, ஔவை என்ற பெயர் நூற்றாண்டு முழுவதும் மேடையிலும் திரையிலும் வலம்வந்தது. கவிதை எழுதிய ஓர் இளம்பெண் மட்டும் அதில் எங்குமே காணப்படவில்லை.

சங்க இலக்கியத்தில் ஔவையின் பெயரில் 59 பாடல்கள் இருக்கின்றன. புறநானூற்றில் மட்டும் 33. அதியமானோடு கள் பகிர்ந்த நட்பு அந்தப் பாடல்களில் இருக்கிறது. தொண்டைமானிடம் தூது போய், போர்க்கருவிகளைப் பற்றி அவர் வஞ்சப்புகழ்ச்சியாகப் பேசியது இருக்கிறது. காதலின் தவிப்பைப் பாடும் அகப்பாடல்களும் இருக்கின்றன. சங்க ஔவை வேறு, நீதிநூல் ஔவை வேறு என்று இலக்கிய வரலாறு எப்போதோ சொல்லிவிட்டது. ஆனாலும் பொதுமனம் எல்லா ஔவைகளையும் ஒரே கிழவியின் முதுகில் ஏற்றிவைத்தது. பெண்ணுக்கு அறிவு இருக்கலாம், ஆனால் அதற்கு முன் இளமையையும் ஆசையையும் அவள் ஒப்படைத்துவிட வேண்டும் என்பதே அந்தக் கிழவி வேடத்தின் பொருள்.

கவிஞர் இன்குலாப் எழுதி, 1990களின் பிற்பகுதியில் மங்கை இயக்கிய 'ஔவை' நாடகம் இந்த வேடத்தைக் கலைத்தது. அதில் ஔவை இளம் பாடினி. ஊர் ஊராக நடக்கிறவள். பாடுகிறாள், ஆடுகிறாள், கள் குடிக்கிறாள், காதலிக்கிறாள், போரை எதிர்த்துப் பேசுகிறாள். பிரதி இன்குலாபுடையது. அந்தச் சொற்களுக்கு உடலும் நடையும் தாளமும் கொடுத்தது அரங்கம். இளம்பெண்கள் கூட்டமாக ஆடியும் பாடியும் ஔவையாக நின்றபோது, பள்ளிப் பாடப்புத்தகம் நமக்குக் கொடுத்த படம் உடைந்தது. இன்குலாபின் 'மணிமேகலை'யையும் மங்கை மேடையேற்றினார். தமிழின் பழைய பெண்களை இவர்கள் மீட்டெடுத்துப் பூசை அறையில் வைக்கவில்லை. அவர்களோடு விவாதம் செய்தார்கள்.

ஆங்கில வகுப்பில் கிரேக்கத்து ஆன்டிகனியையும் ஷேக்ஸ்பியரின் பெண்களையும் படிக்கும் மாணவிக்கு, தன் மொழியிலேயே அதிகாரத்தின் முகத்துக்கு நேராகப் பேசிய ஒரு பெண் இருந்திருக்கிறாள் என்று தெரியவருவது சிறிய விஷயம் இல்லை.

ஆவணம் மேடையேறியது

வ. கீதா தொகுத்து எழுதிய 'காலக் கனவு' மங்கை இயக்கிய இன்னொரு முக்கியமான ஆக்கம். தமிழ்நாட்டுப் பெண்ணியத்தின் வரலாற்றை, பெண்கள் எழுதிய கட்டுரைகள், கடிதங்கள், உரைகள் முதலான ஆவணங்களிலிருந்தே எடுத்து மேடையில் பேசவைத்தது அது. கதாநாயகி கிடையாது. முத்துலட்சுமி ரெட்டியின் தலைமுறையும், தேவதாசி முறையை எதிர்த்து 1936இல் நாவல் எழுதிய மூவலூர் ராமாமிர்தத்தின் தலைமுறையும், சுயமரியாதை இயக்கத்துப் பெண்களும் அதன் வரலாற்றில் அடங்குவார்கள்.

நூலகத்தில் பழுப்பேறிய பத்திரிகையில் இருக்கும் ஒரு வாக்கியத்தைத் தனியாக வாசிப்பதும், அதை இன்றைய இருபது வயதுப் பெண் மேடையில் நின்று உரக்கச் சொல்லக் கேட்பதும் வெவ்வேறு அனுபவங்கள். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் திருமணத்தைப் பற்றி, சொத்தைப் பற்றி, கருத்தடையைப் பற்றி எழுதியது, கேட்கும்போது நேற்று எழுதியதுபோல இருக்கிறது. சிரிப்பு வருகிறது. பிறகு, இன்னுமா இதையே பேசிக்கொண்டிருக்கிறோம் என்று சங்கடமும் வருகிறது. வரலாறு எழுதுவது ஆய்வாளரின் வேலை, நடிப்பது நடிகரின் வேலை என்ற பிரிவினை இங்கே பொருளற்றுப்போகிறது.

யாருக்காகப் பேசுவது?

மகாபாரதத்தின் அம்பை, சிகண்டி கதையை எடுத்துக்கொண்ட 'பனித்தீ', ஒரு பிறவியில் பெண்ணாகவும் இன்னொரு பிறவியில் ஆணாகவும் நின்று நியாயம் கேட்கும் உடலைப் பற்றியது. அங்கிருந்து திருநங்கையரின் அரங்குக்கு வந்து சேர்வது இயல்பான பயணம். 2000களில் திருநங்கையரின் கண்ணாடிக் கலைக்குழுவோடு மங்கை வேலைசெய்தார். 'மனசின் அழைப்பு', 'உறையாத நினைவுகள்' ஆகியவை அந்தக் கூட்டுழைப்பில் வந்தவை. தமிழக அரசு திருநங்கையர் நலவாரியத்தை அமைத்தது 2008இல். மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு 2014இல் வந்தது. சட்டம் வருவதற்கு முன்பே மேடை அவர்களைக் கூப்பிட்டிருந்தது.

இதே மேடையில் இன்னொரு வரலாறும் இருக்கிறது. ஆண்கள் பெண் வேடமிட்டபோது அது கலை எனப்பட்டது. பெண்ணாக வாழ விரும்பியவர்கள் மேடையைத் தவிர வேறெங்கும் புடவை கட்ட முடியாமல் தவித்தார்கள். அவர்கள் தங்கள் கதையைத் தாங்களே நடிப்பது அந்த வரலாற்றுக்கு நேர்ப் பதில்.

அ. ரேவதியின் தன்வரலாறு இதற்குத் தெளிவான உதாரணம். தமிழில் எழுதப்பட்ட அந்த வாழ்க்கை, வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலத்தில் முதலில் வெளியானது. 'வெள்ளை மொழி' என்ற தமிழ்ப் புத்தகம் அதன் பிறகுதான் வந்தது. ஒரு தமிழ்த் திருநங்கையின் கதை தமிழ் வாசகருக்கு வந்துசேர ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. பிறகு அதே 'வெள்ளை மொழி' மங்கையின் இயக்கத்தில் ஒருநபர் நாடகமாயிற்று. நடித்தவர் ரேவதியே. தன் தாயாக, சகோதரனாக, போலீஸ்காரனாக, குருவாக அவரே மாறி மாறி நிற்கிறார். தன்னை அடித்தவனின் குரலையும் அவரே எடுத்துப் பேசுகிறார். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன டப்பிங் தியேட்டரை இங்கே நினைத்துக்கொள்ளலாம். இந்த மேடையில் இரவல் குரல் தேவைப்படவில்லை. நடிக்கத் தெரிந்த இயக்குநர், தானே அந்தப் பாத்திரத்தை ஏற்றுக்கொண்டிருக்க முடியும். விலகி நின்றதில்தான் அவருடைய அரசியல் இருக்கிறது. "குரலற்றவர்களின் குரல்" என்று நாம் எளிதில் சொல்லிவிடும் பாராட்டு மங்கைக்குப் பொருந்தாது. யாரும் குரலற்றவர் இல்லை. கேட்பதற்குக் காதும் நிற்பதற்கு இடமும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

எதை எண்ணுகிறோம்?

மொழிபெயர்ப்பாளர், தொகுப்பாளர் என்ற முறையில் மங்கை செய்ததும் இதே வேலையின் தொடர்ச்சி. 1986இல் யாழ்ப்பாணத்தில் வந்த 'சொல்லாத சேதிகள்' ஈழப் பெண் கவிஞர்களை ஒரு கூட்டமாக நம் முன் நிறுத்தியது. அந்தத் தடத்தில், போர் உச்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த 2007இல் மங்கை தொகுத்த 'பெயல் மணக்கும் பொழுது' வந்தது. ஈழத்து ஆண்களின் வீரத்தைப் பற்றித் தமிழ்நாட்டு மேடைகள் முழங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அங்குள்ள பெண்களின் கவிதைகளை நம் கையில் கொடுத்தது அந்தத் தொகுப்பு. ஒரே தமிழுக்குள்ளேயே கடலைத் தாண்டிக் கொண்டுவர வேண்டிய சொற்கள் உண்டு.

அரங்கைப் பற்றித் தமிழில் 'பெண் - அரங்கம் - தமிழ்ச் சூழல்' எழுதினார். ஆங்கிலத்தில் 2015இல் 'ஆக்டிங் அப்: ஜென்டர் அண்ட் தியேட்டர் இன் இந்தியா, 1979 ஆன்வர்ட்ஸ்' என்ற நூலை எழுதினார். 1979 என்று தலைப்பிலேயே ஆண்டு இருப்பதைக் கவனியுங்கள். இந்தியப் பெண் அரங்கின் வரலாற்றை அவர் பெண்கள் இயக்கத்தின் நாள்காட்டியில் வைத்து எழுதினார். பெரிய இயக்குநர்களின் பிறந்த ஆண்டுகளும் அகாதமி விருதுகளும் அந்த வரலாற்றைப் பிரிக்கும் கோடுகளாக அமையவில்லை.

இருந்தும், தமிழ் நாடக வரலாறு என்று நம் மாணவிகள் படிக்கும் பாடத்தில் சங்கரதாஸ் சுவாமிகள், பம்மல் சம்பந்த முதலியார், டி.கே.எஸ். சகோதரர்கள், முத்துசாமி என்று பெயர்கள் போகும். கடைசிப் பத்தியில் "பெண்களும் பங்களித்துள்ளனர்" என்று ஒரு வரி வரும். இது மறதியால் மட்டும் நடப்பதில்லை. எதை எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்தது. அச்சான நாடக நூல்களை எண்ணினால் எழுத்தாளர் பெயர் வரும். ஒத்திகையில் பத்துப் பெண்கள் சேர்ந்து உருவாக்கிய காட்சிக்கு ஆசிரியர் யார்? கிராமத்துக் களத்தில் ஒரே இரவில் நடந்து முடிந்த நாடகம் எந்த நூலகத்தில் இருக்கும்? மொழிபெயர்ப்பாளரின் பெயர் அட்டையில் இருக்கிறதா, உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கிறதா? பெண்கள் அதிகம் உழைத்த இடங்கள் எல்லாம் தடயம் குறைவாக விடும் இடங்கள். கூட்டுழைப்பு, மொழிபெயர்ப்பு, பயிற்சி அளித்தல், பாட்டு சொல்லிக்கொடுத்தல். பாலாமணி அம்மாளின் கம்பெனியில் நடித்த பெண்களின் பெயர்கள் நமக்கு வந்துசேராமல் போனதற்கும், டப்பிங் குரலின் சொந்தக்காரரை நாம் தேடாததற்கும் இதுவே காரணம்.

எனவே இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் கல்லூரியிலோ தெருவிலோ பெண்கள் நாடகம் ஒன்று நடந்தால், நோட்டீஸைத் தூக்கி எறியாதீர்கள். யார் நடித்தார்கள், யார் பாட்டுக் கட்டினார்கள், பறை அடித்தது யார், ஒத்திகைக்கு யார் வீட்டில் இடம் கிடைத்தது, யாருடைய அம்மா சாப்பாடு அனுப்பினார், யார் வீட்டில் அனுமதி கிடைக்காமல் கடைசி நேரத்தில் வராமல் போனார் என்பதையெல்லாம் எழுதிவையுங்கள். தேதி போடுங்கள். வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மங்கையின் வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: நாடகம் போட்டவரே அதைப் பற்றி எழுதவும் வேண்டியிருந்தது, தமிழிலும் ஆங்கிலத்திலும். வேறு யாரும் எழுதித் தருவார்கள் என்று காத்திருக்க அவருக்கு முன்னாலிருந்த வரலாறு எந்த நம்பிக்கையையும் கொடுக்கவில்லை.

மாலையில் ஆற்காடு சாலையில் நடந்து வரும்போது, ஸ்டுடியோ வாசலில் வேலை முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும் பெண்களைப் பார்க்கிறேன். அன்றைக்கு யாருடைய முகத்துக்கோ பேசிவிட்டு வந்த களைப்பு அவர்களிடம் இருக்கும். அவர்களில் யாராவது எழுத உட்கார்ந்தால் நமக்கு இன்னொரு நாடகம் கிடைக்கும்.